எத்தனை இலை என்பது அவர்கள் கணக்கு, பந்தி நம்முடையது

வாசகர் கேள்வி: நாங்கள் இங்கிலாந்தின் தென்கிழக்கில் ஒரு சிறிய டவுனில் 19 வருடமாக இருக்கிறோம். சனிக்கிழமைகளில் பிள்ளைகளுக்குத் தமிழ் வகுப்பு எடுக்கிறேன். டவுன் கவுன்சில் ‘நெய்பர்ஹுட் பிளான்’ போடுகிறது என்று என்னையும் குழுவில் சேர்த்துக்கொண்டார்கள். இரண்டு வருட வேலைக்குப் பிறகு வரைவு தயார். அதில் இரண்டு விஷயம்தான் எல்லோருக்கும் உயிர். ஊரில் இனி 150 வீட்டுக்கு மேல் கட்டக் கூடாது என்பது ஒன்று. வகுப்பு நடக்கும் ஹாலுக்குப் பின்னால் உள்ள புல்வெளியில் யாரும் கை வைக்கக் கூடாது என்பது இன்னொன்று. வரைவைப் பார்த்த டிஸ்ட்ரிக்ட் கவுன்சில் அதிகாரி, “எங்கள் லோக்கல் பிளானில் உங்கள் ஊருக்கு 240 வீடு. உங்கள் திட்டம் எங்கள் ஸ்ட்ராட்டஜிக் பாலிசிகளோடு பொதுவாக இசைந்துபோக வேண்டும்” என்று எழுதிவிட்டார். எல்லாம் அவர்கள் சொல்கிறபடிதான் என்றால் நாங்கள் எதற்கு மெனக்கெட வேண்டும்? போதாததற்கு அவர்களே தங்கள் பிளானை இப்போது மாற்றி எழுதுகிறார்களாம். அது முடியும்வரை காத்திருப்பதா, இப்போதே வாக்கெடுப்புக்குப் போவதா?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

கசப்பு மருந்தை முதலில் கொடுத்துவிடுகிறேன். அந்த 150 வீட்டு வரியை எடுத்துவிடுங்கள். அது தேறாது. அதிகாரி உங்களைப் பயமுறுத்தவில்லை, விதியைத்தான் சொல்லியிருக்கிறார். ஆனால் அந்த வரி போனால் திட்டமே போயிற்று என்று நினைக்கிறீர்களே, அதை மட்டும் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

இந்த வேலையில் எனக்கு 20 வருடத்துக்கு மேலாகிறது. பாதிக் காலம் கவுன்சில் மேசைக்கு அந்தப் பக்கம், மீதி பாரிஷ் கவுன்சில் என்ற ஊர் மன்றங்களோடு இந்தப் பக்கம். இந்தப் பக்கம் வந்த புதிதில் ஒரு கிராமத்துக்குத் திட்டம் எழுத உதவினேன். அதிலும் இதே மாதிரி ஒரு வரி இருந்தது. எடுத்துவிடலாம் என்று சொல்ல வாய் வரைக்கும் வந்தது. ஆனால் குழுவில் இருந்தவர்கள் அந்த ஒரு வரிக்காகத்தான் மூன்று குளிர்காலம் வீடு வீடாகப் படியேறியிருந்தார்கள். சரி, இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டேன். திட்டத்தைச் சோதிக்கும் எக்ஸாமினரின் அறிக்கை ஒரு வெள்ளிக்கிழமை மாலை வந்தது. அந்தக் கொள்கைக்கு நேரே ஒரே சொல்: ‘நீக்குக’. அதோடு போயிருந்தால் பரவாயில்லை. வீட்டுக் கணக்குக்கு அந்த வரியே போதும் என்று நாங்கள் இருந்ததால், எங்கே கட்டலாம் என்று ஓரிடத்தைக்கூடத் திட்டத்தில் குறிக்கவில்லை. கட்டவே கூடாது என்கிறவர்கள் இடம் எதற்குக் குறிக்கப் போகிறார்கள்? அடுத்த வருடமே ஒரு டெவலப்பர் தனக்குப் பிடித்த வயலில் விண்ணப்பம் போட்டார். ‘அங்கே வேண்டாம், இங்கே கட்டு’ என்று சொல்ல எங்கள் திட்டத்தில் எதுவும் இல்லை. தப்பு என்னுடையது. அதனால்தான் உங்களிடம் இவ்வளவு கறாராகப் பேசுகிறேன்.

முதலில் சொற்களைச் சரிசெய்துகொள்வோம். ‘ஸ்ட்ராட்டஜிக் பாலிசி’யை ஒரு தமிழ்த் துண்டறிக்கையில் ‘தந்திரோபாயக் கொள்கை’ என்று போட்டிருந்ததைப் பார்த்திருக்கிறேன். படிக்கிறவருக்குக் கவுன்சில் ஏதோ சூழ்ச்சி செய்கிறது என்றுதான் தோன்றும். மாவட்டம் முழுவதற்கும் சேர்த்து எடுக்க வேண்டிய பெரிய முடிவுகளைத்தான் அப்படிச் சொல்கிறார்கள். மொத்தம் எத்தனை வீடு, எந்த ஊருக்கு எத்தனை, பெரிய சாலைகள், பள்ளிகள், நகரத்தைச் சுற்றிக் கட்டடம் பரவாமல் காக்கும் கிரீன் பெல்ட் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பதெல்லாம் அதில் வரும். நான் அதைத் ‘தலைமைக் கொள்கை’ என்கிறேன். லோக்கல் பிளானை மாவட்டத் திட்டம் என்றும், நீங்கள் எழுதும் நெய்பர்ஹுட் பிளானை ஊர்த் திட்டம் என்றும் வைத்துக்கொள்வோம்.

ஊர்த் திட்டம் 2011-ல் வந்த லோக்கலிசம் சட்டத்தில் பிறந்தது. அதற்கு முன்னாலும் கிராமத்தார் அறிக்கை எழுதிக் கொடுப்பார்கள். மாவட்டத்தார் நன்றி சொல்லி வாங்கி அலமாரியில் வைப்பார்கள். இப்போது அப்படி வைக்க முடியாது. உங்கள் திட்டம் வாக்கெடுப்பில் பாதிக்கு மேல் ஓட்டு வாங்கிவிட்டால், அது மாவட்டத் திட்டத்தின் பக்கத்தில் சரிசமமாக உட்காரும். பிளானிங் விண்ணப்பம் எது வந்தாலும் இந்த இரண்டையும் வைத்துத்தான் முடிவெடுக்க வேண்டும். அதிலிருந்து விலக வேண்டுமானால் தக்க காரணம் காட்ட வேண்டும். இவ்வளவு பலம் கொடுப்பதால்தான் வாக்கெடுப்புக்கு முன்னால் ஒரு எக்ஸாமினரை வைத்துச் சோதிக்கிறார்கள். பிளானிங்குக்கு அரசு வகுத்த தேசியக் கொள்கையைக் கவனத்தில் எடுத்ததா, நிலைத்த வளர்ச்சிக்கு உதவுகிறதா, சுற்றுச்சூழல் சட்டங்களை மீறாமல் இருக்கிறதா என்று பார்ப்பார். அவற்றோடு உங்கள் அதிகாரி சொன்னதும் உண்டு: மாவட்டத்தின் தலைமைக் கொள்கைகளோடு பொதுவான இசைவு.

நம் வீட்டுக் கல்யாணத்தை நினைத்துக்கொள்ளுங்கள். எத்தனை இலை போட வேண்டும் என்பதை இரண்டு குடும்பத்துப் பெரியவர்களும் உட்கார்ந்து முடிவு செய்கிறார்கள். பந்தி எங்கே, எத்தனை வரிசை, யாரை எங்கே உட்கார வைப்பது, என்ன பரிமாறுவது என்பது சமையற்கட்டையும் மண்டபத்தையும் தெரிந்தவர்களின் பொறுப்பு. இலையைக் குறைக்க இவர்களுக்கு அதிகாரம் இல்லை. வேண்டுமானால் பத்து இலை கூடப் போடலாம். தேசியக் கொள்கையும் அதையேதான் சொல்கிறது. தலைமைக் கொள்கை சொன்னதைவிடக் குறைவாகக் கட்டச் சொல்லி ஊர்த் திட்டம் எழுதக் கூடாது. அந்தக் கொள்கைகளின் காலை வாரிவிடவும் கூடாது.

பந்தி நம் கையில் இருந்தால் என்ன செய்யலாம் என்பதற்கு ஆக்ஸ்ஃபர்ட்ஷயரில் உள்ள தேம் என்ற சந்தை நகரத்தை நான் எல்லாக் குழுவுக்கும் காட்டுவேன். தெற்கு ஆக்ஸ்ஃபர்ட்ஷயர் மாவட்டம் அந்த ஊருக்கு 775 வீடு என்று சொன்னது. அதில் பெரும்பகுதியை ஊர் ஓரத்தில் ஒரே இடத்தில் கொட்டிவிடலாம் என்பது முதல் யோசனை. ஊர்க்காரர்களுக்குப் பிடிக்கவில்லை. ஆனால் அவர்கள் 775-ஐ எதிர்த்து ஊர்த் திட்டத்தில் ஒரு வரி எழுதவில்லை. எண்ணை வாங்கிக்கொண்டு, அதைப் பல இடங்களுக்குப் பிரித்தார்கள். புது வீட்டுக்காரர்களும் பழைய கடைத்தெருவுக்கு நடந்து வரும்படி இடங்களைத் தேர்ந்தெடுத்தார்கள். 2013 மே மாதம் நடந்த வாக்கெடுப்பில் அந்தத் திட்டம் தேறியது. நாட்டிலேயே முதலில் தேறிய சில ஊர்த் திட்டங்களில் அதுவும் ஒன்று. மாவட்டம் சொன்ன 775 என்ற எண் அசையவில்லை. ஊர் எப்படி வளரும் என்பது முழுக்க மாறிவிட்டது.

அடுத்து அந்தப் ‘பொதுவான’ என்ற சொல்லுக்கு வருகிறேன். பலர் அதைக் கண்டுகொள்வதே இல்லை. அப்படியே நகலெடுக்க வேண்டும் என்றால் அந்தச் சொல் அங்கே இருக்காது. எக்ஸாமினர் கேட்பது ஏறக்குறைய இதுதான்: தலைமைக் கொள்கை எதற்காக இருக்கிறதோ அந்த நோக்கத்தை உங்கள் கொள்கை தாங்குகிறதா? முரண் இருந்தால் எவ்வளவு? அந்த நோக்கத்தைக் கெடுக்காமல் உங்கள் ஊருக்கேற்ற நுணுக்கத்தைச் சேர்க்கிறீர்களா? அதற்கு என்ன ஆதாரம் வைத்திருக்கிறீர்கள்? முதல் மூன்றுக்கும் பதில் உங்கள் எழுத்தில் வந்துவிடும். ஊர்க் குழுக்கள் கோட்டைவிடுவது நான்காவதில்தான்.

செஷயரில் டாட்டன்ஹால் என்று ஒரு கிராமம். அவர்களுக்கும் பெரிய எஸ்டேட் வந்துவிடுமோ என்ற அதே பயம். ‘மொத்தம் இத்தனைக்கு மேல் கூடாது’ என்று அவர்கள் எழுதவில்லை. கட்டடங்கள் உள்ள பகுதியிலும் அதை ஒட்டியும் ஒரு திட்டத்துக்கு 30 வீடு வரை அனுமதிக்கலாம் என்று எழுதினார்கள். அப்படி எத்தனை திட்டம் வரலாம் என்பதற்கு வரம்பு வைக்கவில்லை. கிராமம் எப்போதுமே சிறிது சிறிதாகத்தான் வளர்ந்திருக்கிறது என்பது அவர்கள் சொன்ன காரணம். பெரிய வீடுகட்டும் நிறுவனங்கள் உயர் நீதிமன்றம் போயின. 2014-ல் வழக்குத் தள்ளுபடியானது. திட்டத்தை முழுதாக வைத்துத்தான் இசைவைப் பார்க்க வேண்டும் என்று நீதிபதி சொன்னார். உங்கள் குழுவின் பயமும் உண்மையில் 150-ஐப் பற்றியதா, ஒரே நாளில் ஒரே இடத்தில் வந்து இறங்கும் 200 வீட்டைப் பற்றியதா என்று அடுத்த கூட்டத்தில் கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் இரண்டாவதுதான் என்பது என் அனுபவம். இரண்டாவதற்கு ஊர்த் திட்டத்தில் மருந்து உண்டு.

இன்னொன்று. அந்த 240 எந்த வருடத்திலிருந்து எண்ணப்படுகிறது என்று பார்த்தீர்களா? மாவட்டத் திட்டத்தின் எண் வழக்கமாகத் திட்டக் காலம் தொடங்கிய வருடத்திலிருந்து கணக்கு. அதற்குப் பிறகு கட்டி முடித்தவை, அனுமதி வாங்கிக் கட்டாமல் கிடப்பவை எல்லாம் அதில் கழியும். பெட்ரோல் பங்க் இருந்த இடத்தில் வந்த ஃபிளாட்டுகள், பழைய நர்சரிக்குப் பின்னால் கட்டிய வரிசை வீடுகள் என்று ஒவ்வொரு ஊரிலும் ஏதாவது இருக்கும். கழித்துப் பார்த்தால் மீதி 150-ஆகவோ அதற்கும் கீழாகவோ இருந்தாலும் ஆச்சரியப்பட மாட்டேன். யாரும் கழித்துப் பார்க்காமலேயே இரண்டு வருடம் சண்டை போட்ட குழுக்களை எனக்குத் தெரியும்.

அப்படிக் கழித்த பிறகு வரைவை இப்படித் திருப்பி எழுதலாம். இப்போது இருப்பது: ‘திட்டக் காலத்தில் இந்த ஊரில் 150 வீடுகளுக்கு மேல் அனுமதிக்கப்படாது.’ அதற்குப் பதிலாக: ‘மாவட்டத் திட்டம் இந்த ஊருக்கு நிர்ணயித்த 240 வீடுகளில் மீதமுள்ளவை வரைபடத்தில் காட்டிய இடங்களில் அமையும். ஒவ்வொரு இடத்திலிருந்தும் பள்ளிக்கும் கடைத்தெருவுக்கும் நடைபாதை இருக்க வேண்டும்.’ முதல் வரி ஒரு கதவைச் சாத்துகிறது, பூட்டு இல்லாமல். இரண்டாவது, டெவலப்பரை நீங்கள் திறந்த கதவு வழியாக வரச் சொல்கிறது.

எப்படிப்பட்ட வீடு என்பதிலும் உங்களுக்கு நிறைய இடம் இருக்கிறது. கார்ன்வாலில் செயின்ட் ஐவ்ஸ் என்ற கடற்கரை ஊரில், வீட்டை வாங்கிப் பூட்டிவிட்டுக் கோடையில் மட்டும் வருகிறவர்களால் உள்ளூர்ப் பிள்ளைகளுக்கு வீடு கிடைக்கவில்லை. புதிதாகக் கட்டிச் சந்தையில் விற்கும் வீடுகளில் நிரந்தரமாகக் குடியிருப்பவர்கள்தான் இருக்கலாம் என்று ஊர்த் திட்டத்தில் எழுதினார்கள். 2016 மே மாத வாக்கெடுப்பில் 83 சதவீதம் பேர் ஆதரித்தார்கள். ஒரு கட்டுமான நிறுவனம் சுற்றுச்சூழல் மதிப்பீட்டையும் மனித உரிமையையும் காட்டி வழக்குப் போட்டது. அதே வருடம் நவம்பரில் தோற்றது. எத்தனை வீடு என்பதை அந்தக் கொள்கை தொடவில்லை என்பதைக் கவனியுங்கள்.

உங்கள் ஊருக்கு அந்தப் பிரச்சினை இருக்காது. ஆனால் அம்மா அப்பாவோடு சேர்ந்து வாழும் குடும்பங்கள் எத்தனை? கீழ்த்தளத்தில் ஒரு படுக்கையறையும் குளியலறையும் இல்லாததால் எழுபது வயதுக்காரர் படியேறுகிற வீடு எத்தனை? தமிழ் வகுப்புக்கு வரும் பெற்றோரிடம் கேட்டாலே பாதி விவரம் கிடைத்துவிடும். இது நம் குடும்பங்களுக்கு மட்டும் உள்ள தேவையும் இல்லை, முழங்கால் வலி எல்லோருக்கும் பொது. முறையாக ஒரு வீட்டுத் தேவைக் கணக்கெடுப்பு எடுத்து, மாடியில்லாத ஒற்றைத்தள வீடும் கீழ்த்தளப் படுக்கையறை வீடும் இத்தனை பங்கு வேண்டும் என்று எழுதலாம். உதாரணமாக, மாவட்டம் 35 சதவீதம் என்று வைத்திருக்கும் மலிவு வீட்டுப் பங்கை நீங்கள் 60 ஆக்கினால் மட்டும் மாட்டிக்கொள்வீர்கள். கட்டுகிறவருக்குக் கட்டுபடியாகாமல் வீடே வராது என்பார்கள். தலைமைக் கொள்கையின் காலை வாருவது என்றால் அதுதான்.

அதிகாரியிடம் இன்னொரு கேள்வியும் கேட்க வேண்டும். ‘உங்கள் மாவட்டத் திட்டத்தில் எவையெல்லாம் தலைமைக் கொள்கை?’ மாவட்டத் திட்டத்தில் இதைத் தெளிவாகக் குறிக்க வேண்டும் என்று தேசியக் கொள்கை சொல்கிறது. பழைய திட்டங்களில் பெரும்பாலும் குறித்திருக்க மாட்டார்கள். கேட்டால், எதற்கு வம்பு என்று எல்லாமே ஸ்ட்ராட்டஜிக்தான் என்பார்கள். நானே அந்தப் பக்கம் இருந்தபோது சொல்லியிருக்கிறேன், என்ன செய்வது. வேலி உயரமும் குப்பைத்தொட்டி வைக்கும் இடமும் தலைமைக் கொள்கை ஆகாது. ஊர்த் திட்டத்துக்கு விட வேண்டிய சின்ன விவரங்கள் வரைக்கும் தலைமைக் கொள்கைகள் நீளக் கூடாது என்றும் அதே தேசியக் கொள்கை சொல்கிறது. பட்டியலை எழுத்தில் வாங்குங்கள். அந்தப் பட்டியலுக்கு வெளியே இருப்பதில் மாவட்டத் திட்டத்துக்கும் உங்கள் திட்டத்துக்கும் முரண் வந்தால், பிறகு வந்த உங்கள் ஊர்த் திட்டம்தான் மேலே.

இனி ஹாலுக்குப் பின்னால் உள்ள புல்வெளி. இதில் உங்களுக்கு நல்ல வாய்ப்பு இருக்கிறது. ‘லோக்கல் கிரீன் ஸ்பேஸ்’ என்று ஒரு பாதுகாப்பு உண்டு, அதை ஊர்த் திட்டத்திலேயே கொடுக்கலாம். இடம் ஊருக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும். பரந்த வயல்வெளியாக இருக்கக் கூடாது. ஊர்க்காரர்களுக்கு அது தனிப்பட்ட முறையில் முக்கியம் என்று காட்ட வேண்டும். பிள்ளைகள் விளையாடுகிறார்கள் என்று ஒரு வரி போதாது. எந்த நாளில் யார் வருகிறார்கள், பொங்கலுக்கு அங்கே என்ன நடந்தது, கோடையில் டவுன் கவுன்சில் நடத்தும் ஃபெயர், அந்த ஓரத்து ஓக் மரம் என்று படத்தோடு எழுதுங்கள். ஆனால் முதலில் மாவட்டத் திட்டத்தின் வரைபடத்தை விரித்துப் பாருங்கள். அந்தப் புல்வெளி வீட்டுக்கென்று ஏற்கெனவே ஒதுக்கப்பட்ட இடமாக இருந்தால் பச்சை வண்ணம் பூசித் தப்பிக்க முடியாது. ஒரு வளர்ச்சித் திட்டத்தை மறிக்கத்தான் இதைச் செய்தீர்கள் என்று எக்ஸாமினர் நினைத்துவிட்டால் கதை முடிந்தது.

வாசகத்திலும் எச்சரிக்கை வேண்டும். சாமர்செட்டில் நார்ட்டன் செயின்ட் ஃபிலிப் என்ற கிராமம் இந்தப் பாதுகாப்பைக் கொடுத்தபோது, கிரீன் பெல்ட் விதியைவிடக் கடுமையாக எழுதிவிட்டது. அதற்குக் காரணமும் சொல்லவில்லை. 2020-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் இடங்களைத் தேர்ந்தெடுத்தது சரி, கொள்கை வாசகம் செல்லாது என்றது. அதனால் ‘யாரும் கை வைக்கக் கூடாது’ என்பதைக் கூட்டத்தில் பேசுங்கள். எழுத்தில், ‘இங்கே வரும் விண்ணப்பங்கள் கிரீன் பெல்ட்டுக்கான தேசியக் கொள்கையின்படி முடிவு செய்யப்படும்’ என்பது போதும்.

ஹால் கட்டடம் வேறு விஷயம். அதை ‘அசெட் ஆஃப் கம்யூனிட்டி வேல்யூ’, அதாவது ஊருக்குப் பயன்படும் சொத்துகளின் பட்டியலில் சேர்க்க டவுன் கவுன்சிலே விண்ணப்பிக்கலாம். விற்க நினைத்தால் ஊர்க்காரர்கள் பணம் திரட்ட ஆறு மாதம் வரை அவகாசம் கிடைக்கும். ஊர்த் திட்டத்துக்காகக் காத்திருக்கத் தேவையில்லை.

காத்திருப்பதா, போவதா? போங்கள். மாவட்டத்தின் புதிய திட்டம் இன்னும் சில வாரத்தில் நிறைவேறப் போகிறது என்றால் மட்டும் நில்லுங்கள். மாவட்டத் திட்டம் பழையதாக இருக்கிறது, புதியது வரவில்லை, அதனால் ஊர்த் திட்டம் போட முடியாது என்ற வாதம் நீதிமன்றம் வரை போய்த் தோற்றுவிட்டது. கிழக்கு சஸ்ஸெக்ஸில் நியூவிக் என்ற கிராமத்தின் வழக்கு, 2017-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. இல்லாத தலைமைக் கொள்கையோடு இசைந்துபோகச் சொல்ல முடியாது, இனி வரப்போவதோடு இசையவேண்டும் என்ற கட்டாயமும் இல்லை என்பது அதன் சாரம்.

சட்டக் கட்டாயம் இல்லை என்றாலும் வரப்போவதைப் பார்க்காமல் எழுதினால் நஷ்டம் உங்களுக்குத்தான். இரண்டு திட்டங்கள் மோதினால் கடைசியாக நிறைவேறியதுதான் செல்லும் என்பது விதி. நீங்கள் இந்த வருடம் வாக்கெடுப்பில் தேறி, அடுத்த வருடம் மாவட்டம் புதிய திட்டத்தை நிறைவேற்றினால், மோதுகிற இடத்தில் உங்கள் வரி செல்லாது. எண்ணும் கூடத்தான் வரும். 2024 டிசம்பரில் தேசியக் கொள்கையை மாற்றியபோது, நாடு முழுவதும் வருடத்துக்குச் சுமார் 3,70,000 வீடு வரும்படி கணக்குச் சூத்திரத்தையும் மாற்றினார்கள். தென்கிழக்கில் பல மாவட்டங்களின் எண் ஏறியிருக்கிறது. அதனால் புதிய கணக்கில் எங்கள் ஊருக்கு உத்தேசமாக எத்தனை வரும் என்று கேளுங்கள். நீங்கள் கேட்டால் ஒரு உத்தேச எண் கொடுக்க வேண்டியது அவர்கள் பொறுப்பு. 240-க்கு இடம் ஒதுக்கிவிட்டு, அதிகப்படிக்கு ஒன்றிரண்டு இடங்களைக் கையிருப்பாக வைத்து, ‘மாவட்டத்தின் எண் உயர்ந்தால் மட்டும் இவை திறக்கப்படும்’ என்று எழுதிவிடுங்கள். புதிய திட்டம் வந்தாலும் உங்கள் திட்டம் நிற்கும்.

இப்போதே போகச் சொல்வதற்கு இன்னொரு காரணமும் உண்டு, எனக்கு அதுதான் பெரிது. மாவட்டத்திடம் ஐந்து வருடத்துக்குப் போதுமான வீட்டு நிலம் கையில் இல்லை என்றால், வீட்டு விண்ணப்பங்களுக்கு அனுமதி கொடுக்கும் பக்கம் தராசு சாய்ந்துவிடும். டெவலப்பர்கள் காத்திருப்பது இதற்குத்தான். அந்த நேரத்தில் ஊரைக் காப்பாற்றத் தேசியக் கொள்கையின் 14-ஆவது பத்தி இருக்கிறது. ஊர்த் திட்டம் நடைமுறைக்கு வந்து ஐந்து வருடத்துக்குள் இருந்து, ஊருக்கு நிர்ணயித்த வீட்டு எண்ணிக்கைக்கு அதிலேயே இடமும் ஒதுக்கியிருந்தால், அதற்கு முரணான விண்ணப்பத்தைத் தள்ளுபடி செய்வது எளிதாகும். 2023 டிசம்பர் வரை இந்தக் காப்பு இரண்டு வருடம்தான் இருந்தது. இடம் ஒதுக்காத திட்டத்துக்கு அது இல்லை. நான் முதலில் சொன்ன கிராமத்துக்கு நடந்ததை இப்போது இதோடு சேர்த்துப் படியுங்கள்.

அப்படியானால் 240 அதிகம் என்று யாரிடம் போய்ச் சொல்வது? மாவட்டத்திடம், அவர்கள் திட்டத்தை மாற்றி எழுதும் இந்த நேரத்தில். அதுதான் இலைக் கணக்குப் பேசும் சபை. கருத்துக் கேட்பு அறிவிப்பு வரும், பிறகு அரசு அனுப்பும் இன்ஸ்பெக்டர் முன்னால் விசாரணையும் நடக்கும். ‘எங்கள் ஊர் அழகான ஊர்’ என்று எழுதாதீர்கள், எல்லோரும் அதைத்தான் எழுதுகிறார்கள். காலை எட்டரைக்குக் கிளம்பும் ஒரே பஸ், இடமில்லாத தொடக்கப்பள்ளி, மழைக்குப் பொங்கும் கழிவுநீர்ப் பம்பிங் ஸ்டேஷன் என்று தேதியோடு எழுதுங்கள். ஊர்த் திட்டத்துக்காகச் சேர்த்த ஆதாரமெல்லாம் அங்கேயும் உதவும்.

பணத்தைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். உங்கள் மாவட்டம் கம்யூனிட்டி இன்ஃப்ராஸ்ட்ரக்சர் லெவி என்று புதுக் கட்டடங்களுக்கு ஒரு கட்டணம் வசூலிக்கிறது என்றால், உங்கள் ஊரில் வரும் கட்டடங்களிலிருந்து டவுன் கவுன்சிலுக்கு 15 சதவீதம் வரும். ஊர்த் திட்டம் நடைமுறையில் இருந்தால் அது 25 சதவீதம். ஆனால் திட்டம் எழுத அரசு கொடுத்துவந்த மானியம் 2025-ல் நின்றுவிட்டது. வரைவு முடிந்த நிலையில் இருக்கும் நீங்கள் கொடுத்துவைத்தவர்கள்.

லண்டனிலிருந்து படிக்கிறவர்களுக்கு ஒரு குறிப்பு. ஹாரோவிலோ ஈஸ்ட் ஹாமிலோ பாரிஷ் கவுன்சில் கிடையாது. அதனால் ஊர்த் திட்டம் எழுதக் குறைந்தது 21 பேர் சேர்ந்து ஒரு ஃபோரம் அமைக்க வேண்டும். அங்கே பரோ என்ற உள்ளூர்க் கவுன்சிலின் திட்டத்துக்கு மேல் மேயரின் லண்டன் பிளானும் இருக்கிறது. இசைவை இரண்டோடும் பார்ப்பார்கள்.

2023-ல் வந்த லெவலிங்-அப் சட்டம் இந்த விதிகளில் சிலவற்றை மாற்றுகிறது, கட்டம் கட்டமாக நடைமுறைக்கு வருகிறது. ஆகவே அதிகாரிக்கு எழுதும் மின்னஞ்சலில் நான்கு கேள்வி இருக்கட்டும். எங்கள் 240-ல் இன்றைய தேதிக்கு எவ்வளவு மீதி? எவை தலைமைக் கொள்கை? புதிய கணக்கில் எங்கள் உத்தேச எண் என்ன? நாங்கள் திட்டத்தைச் சமர்ப்பிக்கும் நாளில் எந்த விதிகளின்படி சோதிப்பார்கள்? பதில் வரும்வரை வரைவை ஆறு வாரக் கருத்துக் கேட்புக்கு அனுப்பாதீர்கள். அனுப்பிய பிறகு வீட்டு எண்ணை மாற்றினால் அந்த ஆறு வாரத்தை மறுபடியும் நடத்தச் சொல்வார்கள்.

கடைசியாக, அந்த வாக்கெடுப்பில் யார் ஓட்டுப் போடலாம் என்று நம்மவர்களுக்குச் சொல்லிவையுங்கள். உள்ளூராட்சித் தேர்தலில் ஓட்டு உள்ள எல்லோரும் போடலாம். பிரிட்டிஷ் பாஸ்போர்ட் வேண்டும் என்பதில்லை. இந்தியாவும் இலங்கையும் காமன்வெல்த் நாடுகள் என்பதால், இங்கே முறையான விசாவில் இருக்கிற அந்த நாட்டுக் குடிமக்களுக்கும் ஓட்டு உண்டு, வாக்காளர் பட்டியலில் பெயர் மட்டும் இருக்க வேண்டும். சனிக்கிழமை வகுப்பு முடிந்து பிள்ளைகளைக் கூட்டிப்போக வருகிறவர்களில் எத்தனை பேர் பெயர் பதிந்திருக்கிறார்கள் என்று கேட்டுப் பாருங்கள்.